எரு வேண்டாத செடி

தீப்பெட்டிக்குள் பதினோரு விதைகள்.
கொண்டைக்கடலையில் பாதி,
சுருங்கிய சின்ன மூளைகள் மாதிரி.
மதிலுக்கு மேலே கை நீட்டித் தந்தாள் நொமுசா.
"ராத்திரி முழுக்க ஊறட்டும் கோகி.
நட்ட பிறகு மறந்துவிடு."

மறக்கிற கை இல்லை இது.
மியர்பேங்க் மண் உப்பும் மணலும்.
எண்ணெய் ஆலைப் பக்கம் காற்றடித்தால்
துவைத்ததை மறுபடி துவைக்கிறவள் நான்.
கத்திரி ஒவ்வொன்றுக்கும்
கூடைச் சாணம் கொட்டித்தான்
உயிர் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் நட்டேன்.
மாட்டெரு போட்டேன், சாம்பல் தூவினேன்.
ஜூன் கடைசியில் மத்தி மீன் கரைக்கு வந்த வாரம்
பூபாலன் வாளி நிறைய அள்ளி வந்தான்.
தலைகள் அத்தனையும் அதன் காலடியில் புதைத்தேன்.
மூன்று நாள்
தெருப் பூனைகள் எங்கள் வாசலில் மாநாடு போட்டன.

செடி கொழுத்தது.
வட்டமாய் இலை, நடுவில் காம்பு,
உள்ளங்கை அகலத் தாமரை இலைபோல.
தண்ணீர் விட்டால் பாதரசமாய் உருண்டது,
ஒரு துளி ஒட்டவில்லை.
என்னிடமும் ஒட்டவில்லை.
இலை, இலை, இன்னும் இலை.
பூ
இல்லை.

அந்தப் பக்கம்
உடைந்த கழிப்பறைப் பீங்கானில்,
செங்கல் பொடியில்,
ஒரு கை எருவும் காணாமல்
ஆரஞ்சும் ரத்தச் சிவப்புமாய் எரிந்தது
அதே தீப்பெட்டியின் விதை.
பொறாமையெல்லாம் இல்லை என்றேன்.
செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து
பூபாலன் ஒன்றும் சொல்லவில்லை.
தாள் மட்டும் குலுங்கியது.

சரி, இலையையாவது தின்போம்.
தேங்காயோடு அரைத்தேன்:
கடுகா மிளகா என்று நாக்கு யோசிப்பதற்குள்
மூக்கில் ஏறிவிட்டது.
பருப்பில் வேகவிட்டால் காரம் போய்
சாதுவான கீரை ஆகிறது.
அப்படி ஆனது எனக்குப் பிடிக்கவில்லை.

உரம் கேட்கப் போன இடத்தில்
நர்சரிப் பையன் அட்டையைக் காட்டினான்:
"நஸ்டர்ஷியம், ஆன்ட்டி.
இந்தியக் கிரெஸ் என்றும் சொல்வார்கள். உங்க ஊர்ச் செடி."
அட்டையைத் திருப்பினேன்.
பிறந்த இடம் பெரு நாட்டு மலை.
எனக்கு மியர்பேங்க்,
ஒரு டிசம்பர் மழை நாள்.
கடவுச்சீட்டே இன்னும் எடுத்ததில்லை.
உரம் வாங்காமல் திரும்பினேன்.

ஆகஸ்டில் குழாய் வெடித்தது.
பத்தொன்பது நாள்.
லாரி வரும், வராது.
நொமுசாவின் சிவப்பு வாளியும் என் நீல வாளியும்
விடியுமுன்னே வரிசையில் இடம் பிடித்தன.
அரிசி கழுவியது கத்திரிக்கு,
குளித்தது கழிப்பறைக்கு.
அதற்கு ஒரு சொட்டும் இல்லை.
"உனக்குக் கொடுத்ததெல்லாம் போதும்" என்றேன்,
கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல.

பெரிய இலைகள் மஞ்சளித்துத் தொங்கின.
பதினாறாம் நாள்,
இரண்டு கையிலும் வாளி கனக்க வருகிறேன்,
இலைக்கடியில் ஒரு வால்.
மொட்டுக்குப் பின்னால் நீளுமே, அந்த வால்.
தண்ணீர் சிந்தியதைக்கூடப் பார்க்கவில்லை.

மலர்ந்ததும் முதல் பூவின் வாலைக் கடித்தேன்.
தேன்.
அப்புறம், சற்றே தாமதித்து,
நெருப்பு.

புரட்டாசிச் சனிக்கிழமை.
தயிர்ச் சாதத்தின் மேல் ஏழு பூக்கள்.
பூபாலன் கை கழுவிவிட்டு நின்றான்:
"இது சாமிக்கா, நமக்கா?"
ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்தேன்.
மற்றொன்றிலிருந்து எறும்பு வெளியே வந்து
வெள்ளைச் சோற்றில் வழி தேடியது.
அதை ஊதிவிட்டுச் சாப்பிட்டான்.
கண் கலங்கியது. இன்னொன்று கேட்டான்.

பச்சைக் காய்களை
வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்து
மயோனைஸ் பாட்டிலில் அடைத்து மதிலுக்கு மேலே நீட்டினேன்.
உப்பு குறைவு என்றாள் நொமுசா.
பாட்டில் திரும்பி வரவில்லை.

பீன்ஸ் கொடியில் இந்த வருஷம் அசுவினி இல்லை
என்பதை வெகு தாமதமாய்த்தான் கவனித்தேன்.
கறுப்பாய்க் கூட்டம் கூட்டமாய்
எல்லாம் இதன் தண்டில்.
இதையும் இது சொல்லிக்கொள்ளவில்லை.

நேற்று பூபாலன், நல்ல மனசோடு,
சாணக் கூடையைத் தூக்கிக்கொண்டு
அந்தப் பக்கம் போனான்.
கத்தினேன் பாருங்கள்,
தெருவே திரும்பிப் பார்த்தது.